கூரைக்காரனின் முந்நூற்று நாற்பது டாலர்

நாஷ்வில் நகரத்தின் பதினாறாவது அவென்யூவில் பாட்டுப் பதிப்பகம் நடத்திவந்த ராய்ஸ் கிம்ப்ரோ, கூரைக்காரன் ஓடெல் க்ராப்ட்ரீக்கு முந்நூற்று நாற்பது டாலர் தர வேண்டியிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது ஏப்ரலில் பட்ட கடன். பதினொரு நாள் வேலை. பழைய ஓட்டைப் பிய்த்து, உளுத்த பலகையை மாற்றி, தார்க் காகிதம் விரித்து, புது ஓடு அடித்துக் கொடுத்ததற்கான கூலி. ஓடெலிடம் ரசீது இருந்தது. கிம்ப்ரோவிடம் கூரை இருந்தது. காசு மட்டும் இருவரிடமும் இல்லை.

ஓடெலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அலபாமாவில் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பதினான்கு வயதில் ஏணி ஏறினான். அதன்பிறகு எவன் காலையும் பிடிக்காமல் அதே ஏணியில்தான் மேலே வந்தான். நாஷ்வில்லுக்கு அவன் பாட்டு எழுத வரவில்லை, அது ஒன்றே போதும் அவனை இந்த ஊரில் தனியாக எடுத்துக் காட்ட. இங்கே பேருந்திலிருந்து இறங்குகிற ஒவ்வொருவன் தோளிலும் ஒரு கிதார் தொங்கும். ஓடெல் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தவன். சொந்த லாரி, சொந்தச் சுத்தியல், ஒருவனுக்கும் ஒரு சென்ட் பாக்கியில்லை. அப்படிப்பட்டவன் நடையே வேறு. மற்றவர்கள் அந்த நடைக்காக விலை உயர்ந்த பூட்ஸ் வாங்குகிறார்கள், நடை மட்டும் வருவதில்லை.

அவனிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். ஆணி அடிக்கும்போது பாடுவான். சுத்தியலின் தாளத்துக்கு, கண்ணில் பட்டதை வைத்து, வாய்க்கு வந்தபடி.

வேலை முடிந்த அன்று ரசீதோடு உள்ளே போனான். கிம்ப்ரோ பால்நிறக் கோட்டோடு உட்கார்ந்து, பூட்ஸ் கால்களை மேசைமேல் நீட்டியிருந்தார். பின்னால் சுவரில் ஒரு தங்க இசைத்தட்டு, பாட்டு நிறைய விற்றதற்காக ஏதோ பாடகனுக்கு ரெக்கார்ட் கம்பெனி கொடுத்தது. அந்தப் பாடகன் திவாலானபோது ஏலத்தில் எடுத்தது.

"உட்காரு தம்பி. மேல ஏதோ பாடிக்கிட்டிருந்தியே, யார் பாட்டு அது?"

"யார் பாட்டும் இல்ல மிஸ்டர் ராய்ஸ். எதிர்வீட்டு அம்மா துணி காயப்போட்டுச்சு. கொடியில புருஷன் சட்டை ஒண்ணுகூட இல்ல. அதப் பாத்துப் பாடினேன். முந்நூத்தி நாப்பது டாலர்."

"கொடியில புருஷன் சட்டை இல்ல..." கிம்ப்ரோ கண்ணை மூடிக்கொண்டார், சர்ச்சில் உட்கார்ந்திருப்பவரைப் போல. "ஏம்ப்பா, உனக்குக் கூரைமேல என்ன வேலை?"

"ஓடு அடிக்கிற வேலை. முந்நூத்தி நாப்பது."

"நீ கூரைக்காரனே இல்ல. பொறவிப் பாட்டுக்காரன். இத்தன வருஷம் உனக்கு யாருமே சொல்லலையா? இங்க தினமும் வாசல்ல வந்து நிக்கிறானுங்க நாப்பது பேரு. ஒருத்தனுக்கும் இது வராது. வாரம் முப்பத்தஞ்சு டாலர் தர்றேன். உள்ள உக்காந்து எழுது. இந்தா, முதல் செக்க இப்பவே போடுறேன். முந்நூத்தி நாப்பது. சரிதானே?"

செக்கோடு ஒரு ஒப்பந்தமும் வந்தது. பதினான்கு பக்கம். ஓடெல் கையெழுத்து போடுகிற இடத்தை மட்டும் கவனமாகப் படித்தான். கூரைக் காசும் வந்தாயிற்று, வாராவாரம் முப்பத்தைந்தும் வரப்போகிறது என்ற சந்தோஷத்தில் வீட்டுக்குப் போகிற வழியில் முழுசாக ஒரு பன்றித் தொடைக்கறி வாங்கினான்.

அவன் மனைவி வெல்மா பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் சமையல் பார்ப்பவள். முந்நூறு பிள்ளைகளுக்கு அளந்து போட்ட கை. எழுத்தையும் அப்படித்தான் படிப்பாள், ஒன்று விடாமல். அன்று சாப்பாடு ஆறுவதற்குள் பதினான்கு பக்கத்தையும் படித்துமுடித்தாள்.

"இதுல கூரைங்கற வார்த்தையே இல்லையே ஓடெல்."

"அதான் காசு வந்துருச்சே."

"'முன்பணம்'னு போட்டிருக்கு. முன்பணம்னா கடன். நீ இனிமே எழுதப்போற பாட்டுல வரப்போற காசுல புடிச்சுக்குவான். அந்த வாரம் முப்பத்தஞ்சும் அதே கதைதான். அவன் உனக்குத் தரவேண்டியத, நீ அவனுக்குத் தரவேண்டியதா மாத்திட்டான். அதுக்கு உன்னையே கையெழுத்தும் போட வச்சிருக்கான்."

"ரெண்டு பாட்டு எழுதினா அடைஞ்சுரும் புள்ள."

வெல்மா தாள்களை மடித்தாள். அவன் தட்டில் இன்னொரு சோளரொட்டியை வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

அப்புறம் ஐந்து வருஷம். பாட்டு எழுதுவது இங்கே ஆபீஸ் வேலை. காலை பத்து மணிக்குச் சின்ன அறையில் இரண்டு பேரை உட்கார வைப்பார்கள், சாப்பாட்டு நேரத்துக்குள் ஒருவனுடைய மனைவி ஓடிப்போயிருக்க வேண்டும், இல்லை ஒருவனுடைய அம்மா செத்திருக்க வேண்டும். எழுதியதைப் பங்கு பிரிக்க ஒரு வழக்கம் உண்டு. பாட்டு பிறக்கும்போது அறையில் இருந்தவர்களுக்கெல்லாம் சம பங்கு. எவன் எந்த வரியைச் சொன்னான் என்று அளக்கக் கூடாது. அளந்தால் மறுநாள் முகம் பார்த்து உட்கார முடியாது. நல்ல வழக்கம்தான், கிம்ப்ரோவின் கண்ணில் படும்வரை.

பதினொன்றரை மணிக்குக் காபிக் கோப்பையோடு அறைக்குள் வருவார். பாட்டு முடியப்போகிற நேரம் அவர் மூக்குக்கு எப்படியோ தெரியும். சுவரில் சாய்ந்து நிற்பார். "நல்லாருக்கு, நல்லாருக்கு. அந்த சனிக்கிழமைய மட்டும் ஞாயித்துக்கிழமை ஆக்குங்க" என்பார். கிழமை மாறும். தாளில் மூன்றாவதாக ஒரு பெயர் ஏறும். பதிப்பாளர் என்று மொத்தத்தில் பாதி, மீதிப் பாதியில் பாட்டு எழுதினவர் என்று மூன்றில் ஒரு பங்கு, இரண்டும் அவருக்கு. பிறகு பாட்டு வெஸ்டர் டாடிடம் போகும். டாட் தயாரிப்பாளர், எந்தப் பாடகன் எந்தப் பாட்டைப் பாடுவான், ஸ்டுடியோவில் யார் வாசிப்பார்கள் என்பதெல்லாம் அவர் விரல் அசைவில். அவருக்கும் ஒரு வரி பிடிக்காமல் போகும், அவர் பெயரும் ஏறும். பாடுகிறவனுக்கு ஒரு சொல் வாயில் நுழையாது, அவன் பெயரும். எட்டு வரிப் பாட்டுக்கு ஐந்து பேர் பெற்றோராக நின்றதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. பிள்ளையைப் பெற்றவன் மட்டும் கடைசியில் நின்றிருந்தான்.

ஜனவரியிலும் ஜூலையிலும் கணக்கு வரும். வாரச் சம்பளம் கடன். பாட்டைப் பாடிக் காட்ட எடுத்த மாதிரிப் பதிவு கடன். கிதார் கம்பி கடன். கிம்ப்ரோவும் டாடும் மாட்டிறைச்சி தின்ற மதியச் சாப்பாடு 'பாட்டை முன்னேற்றிய செலவு' என்று ஓடெலின் கடன். அன்று மதியம் ஓடெல் லாரியில் உட்கார்ந்து சாஸேஜ் வைத்த ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அவன் பாட்டுகள் ஏழு பதிவாயின. இரண்டு ரேடியோவில் வந்தன. அதில் அவனுக்கு என்று வந்தது முழுக்கக் கணக்குப் புத்தகத்துக்குள் போய், வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பாட்டுக்காரன் வயிற்றைச் சனி ஞாயிறில் கூரைக்காரன்தான் காப்பாற்றினான்.

ஒவ்வொரு ஜூலையும் அவன் அதே கேள்வியைக் கேட்டான்.

"மிஸ்டர் ராய்ஸ், என் கூரைக் காசு?"

"அது அறுபத்தொம்பதுலயே கொடுத்தாச்சேப்பா. செக்க மாத்தினியே."

"அது முன்பணம்னு உங்க கணக்குல இருக்கு. பாருங்க, முத வரி. முன்பணம்னா நான் உங்களுக்குத் தரணும். அப்ப கூரைக்கு யாரு தர்றது?"

"நீ ரொம்ப யோசிக்கிற தம்பி. பாட்டுக்காரனுக்கு அது ஆகாது."

எழுபத்திநான்கு ஏப்ரலில் ஒப்பந்தம் முடிந்தது. ஓடெல் கணக்கில் எண்ணாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு டாலர் கடன் நின்றது. கிம்ப்ரோ அவன் தோளில் கை போட்டு வாசல்வரை வந்தார். "இதக் கையில கேக்க மாட்டேன், அந்த அளவுக்கு நான் கெட்டவன் இல்ல. உன் பாட்டுங்க சம்பாதிச்சு மெதுவா கழிக்கட்டும். நூறு வருஷம் ஆனாலும் காத்திருப்பேன்."

ஓடெலுக்கு அந்த எண்ணாயிரம் உறைக்கவே இல்லை. அது காற்றில் எழுதிக் காற்றிலேயே அழிகிற கணக்கு. உறைத்தது வேறு. "முப்பது வருஷத்துல நான் ஏறின கூரை ஆயிரத்துக்கு மேல இருக்கும் வெல்மா," என்றான். "கூலி வாங்காம எறங்கினது அது ஒண்ணுதான். அந்தத் தெருவுல லாரிய ஓட்டும்போது தலையத் திருப்பிக்க வேண்டியிருக்கு."

"அப்ப போய் வாங்கு."

"எப்படி?"

"அது எனக்குத் தெரியாது. நான் முட்டைக்கோசு வேக வைக்கிறவ."

மே மாதத்தில் ஆலங்கட்டி மழை பெய்தது. கோல்ஃப் பந்து அளவு கட்டிகள். ஊரில் பாதிக் கூரைகள் பொத்தலாயின, கூரைக்காரர்கள் ராஜாக்களாயினர். கிம்ப்ரோ ஆறு பேரைக் கூப்பிட்டார். ஆறு பேரில் நான்கு பேருக்கு அவர் ஏற்கனவே பாக்கி, மற்ற இரண்டு பேரும் அந்த நால்வரின் மைத்துனர்கள். ஏழாவதாக ஓடெலைக் கூப்பிட்டார்.

"பாக்க மட்டும் வர்றேன்," என்றான் ஓடெல். "பழைய காசு வந்தாத்தான் ஆணி எடுப்பேன்."

ஏறிப் பார்த்தான். மூலையில் ஒரு மரக்கிளை ஓடுகளையும் பலகையையும் உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. அவன் அதன் வழியாகவே கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவில் நுழைந்து, உத்தரத்தின்மேல் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தான். கீழே எழுதுகிற அறை. மேல்பூச்சு விழுந்து தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. நேர் கீழே ஒரு வாளி, பக்கத்தில் மேசை, இரண்டு பக்கமும் கிம்ப்ரோவும் டாடும். இரண்டு மணிக்கு ஸ்டுடியோவில் பதினோரு வாத்தியக்காரர்களும் பாடகனும் வந்துவிடுவார்கள். கடைசி வரி வரவில்லை. ஏற்கனவே மணி ஒன்று.

"'நீ போட்ட பூட்டு அப்படியே தொங்குது, நீ குடிச்ச கோப்பை அப்படியே கெடக்குது,'" என்று டாட் படித்தார். "அதுக்கப்புறம்?"

"'என் மனசும் அப்படியே ஒடைஞ்சு கெடக்குது'," என்றார் கிம்ப்ரோ.

"போன வாரம் மூணு பாட்டுல மனசு ஒடைஞ்சாச்சு ராய்ஸ். ரேடியோக்காரன் சிரிப்பான்."

"'ரயிலு கூவுது'?"

"எந்த ரயிலு? இது வீட்டுக்குள்ள நடக்குற பாட்டு."

இப்படி அரை மணி நேரம். இரண்டு பெரிய மனிதர்கள், ஒருவர் கையில் வைர மோதிரம், இன்னொருவர் வீட்டில் நீச்சல் குளம், ஒரு வரிக்கு முக்கிக்கொண்டிருந்தார்கள். ஓடெலுக்கு மூக்கில் தூசி. பொறுக்க முடியவில்லை. ஓட்டைக்குள் தலையைத் தொங்கவிட்டுச் சொன்னான்:

"'நாயே ஒன்ன மறந்துருச்சு, நான் நாயவிட மோசம்.'"

டாட் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். வாளியில் தண்ணீர் சொட்டியது.

"எழுது ராய்ஸ்," என்றார் டாட். "ஒரு எழுத்தையும் மாத்தாத. எழுது."

கிம்ப்ரோ எழுதினார். இருவரும் தாளோடு கார் ஏறினார்கள். மேலே தொங்கிய தலைக்கு ஒரு நன்றிகூடக் கிடையாது. ஓடெல் இறங்கி, லாரியை எடுத்துக்கொண்டு, காசு தருகிற ஒரு சர்ச்சின் கூரைக்குப் போனான்.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் வெஸ்டர் டாடுக்கு ஒரு நல்ல கதை கிடைத்தால் வாய் சும்மா இருக்காது. ஸ்டுடியோவில் பதினோரு வாத்தியக்காரர்களையும் நிறுத்திவைத்து, கூரையிலிருந்து தலை தொங்கிய கதையை நடித்தே காட்டினார். அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் ரெக்கார்ட் கம்பெனி வக்கீலும் சிரித்தார். சிரித்து முடித்து, போனை எடுத்து, "அந்த ஆளோட கையெழுத்து எங்க?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை இசைத்தட்டு அச்சாக வேண்டும். வரி சொன்னவனின் சம்மதக் கையெழுத்து இல்லாமல் ஒரு தட்டுகூட வெளியே போகாது.

வியாழக்கிழமை காலை டாட் அந்த சர்ச்சுக்குத் தன் நீளக் காரை ஓட்டிக்கொண்டு வந்து, ஏணிக்குக் கீழே நின்று கெஞ்சி, ஓடெலைக் கிம்ப்ரோவின் ஆபீசுக்கு அழைத்து வந்தார்.

"அறையில இருந்தவனுக்குத்தான் பங்கு," என்றார் கிம்ப்ரோ எடுத்த எடுப்பில். "நீ அறையில இல்ல. கூரையில இருந்த."

"தலை அறையிலதான் இருந்துச்சு."

"தலை மட்டும் இருந்தா ஆச்சா?"

"பாட்டு எழுத வேற எது வேணும் மிஸ்டர் ராய்ஸ்?"

டாட் இருமினார். அது சிரிப்பு. கிம்ப்ரோ திரும்பிப் பார்த்தார்.

"நல்லா ஞாபகப்படுத்தினீங்க மிஸ்டர் டாட்," என்றான் ஓடெல். "எழுபத்திரெண்டுல நானும் டெக்சாஸ்லேர்ந்து வந்த ஒரு வாத்தியாரும் கதவத் தொறந்து வச்சு எழுதிக்கிட்டிருந்தோம். மிஸ்டர் ராய்ஸ் வெளிய நடையில போறப்ப இருமினாரு. அந்த இருமலால எங்களுக்கு ஒரு எடைவெளி கெடச்சுதாம், அதுலதான் அடுத்த வரி வந்துச்சாம். மூணுல ஒரு பங்கு எடுத்துக்கிட்டாரு. இருமலே பாட்டுக்காரன்னா, என் தலை என்ன பாவம் பண்ணுச்சு?"

"ராய்ஸ்," என்றார் டாட், "இத வக்கீல்கிட்ட போய்ச் சொல்லிக்கிட்டு நிக்காத. நாளைக்கு வெள்ளி."

கிம்ப்ரோ மோதிரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு முகம் மலர்ந்தது. மேசை இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்தார். "சரி தம்பி. உனக்கு மூணுல ஒண்ணு. போதுமா? ராய்ஸ் கிம்ப்ரோ கஞ்சன்னு யாரும் சொல்லக் கூடாது. இந்தக் காச உன் பழைய கணக்குலயே வரவு வச்சுடறேன்."

அந்த மலர்ச்சியின் அர்த்தம் ஐந்து வருஷம் கணக்குத் தாள் வாங்கியவனுக்குப் புரியாதா? மூன்றில் ஒரு பங்கு என்பது எண்ணாயிரத்துச் சொச்சம் என்ற கிணற்றில் போடுகிற கூழாங்கல். சத்தம்கூட வராது. இதையும் சொல்லிவிடலாம்: அந்தப் பாட்டு ரேடியோவில் நான்கு வாரம் ஓடி, அறுபத்தெட்டாம் இடம்வரை மூச்சு வாங்க ஏறி, அங்கேயே படுத்துவிட்டது. அன்று அது யாருக்கும் தெரியாது. மூன்று பேருமே அது தங்கத் தட்டு என்று நம்பினார்கள், ஓடெல் உள்பட. நம்பிக்கொண்டேதான் அவன் சொன்னான்:

"பங்கு வேணாம். அந்த வரிய நீங்களே வச்சுக்கங்க. எனக்கு அது தும்மல் மாதிரி, நாளைக்கும் வரும். என் கூரைக் காசு முந்நூத்தி நாப்பது. அது கைக்கு வந்தா கையெழுத்து."

"அவ்வளவுதானா?" என்றார் டாட். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மனிதன் பங்கை வேண்டாம் என்று சொல்வதைப் பார்த்து அவருக்குத் தலை சுற்றியது.

கிம்ப்ரோ அதற்குள் செக் புத்தகத்தைத் திறந்து எழுத ஆரம்பித்திருந்தார். ஓடெல் எட்டிப் பார்த்தான். தொகைக்குக் கீழே, எதற்காக என்று எழுதும் இடத்தில், அந்தக் கை தானாகவே 'முன்ப' வரை எழுதியிருந்தது. வேறு எதையும் எழுதிப் பழகாத கை.

"செக் வேணாம் மிஸ்டர் ராய்ஸ். ரொக்கம்."

"ரொக்கமா? என்கிட்ட ஏதுப்பா ரொக்கம்?"

அது பொய் இல்லை. முப்பது வருஷமாகத் தொழிலில் இருப்பவர். மதுக்கடையில் கணக்கு, முடிவெட்டுகிற இடத்தில் கணக்கு, பெட்ரோலுக்குக் கணக்கு. கோட்டுப் பையைத் துழாவினார். ஒரு பல் குத்தும் குச்சியும் வேறு யாருடைய பாட்டோ எழுதிய காகித நாப்கினும் வந்தன. ஓடெலுக்கு அந்த நேரத்தில் அந்த மனிதர்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. கொஞ்சம்தான். அதுவும் சீக்கிரம் போய்விட்டது.

"வெஸ்டர்..." என்றார் கிம்ப்ரோ.

டாட் பெருமூச்சோடு குனிந்து இடது பூட்ஸைக் கழற்றினார். அவர் அந்தக் காலத்து மனிதர், பாங்கை நம்பாதவர். பூட்ஸிலிருந்தும் பர்ஸிலிருந்தும் சேர்த்து முந்நூற்று முப்பத்திரண்டு டாலர் வந்தது. அதை மேசைமேல் வைத்து, ஆனால் கையை எடுக்காமல், கிம்ப்ரோவின் இழுப்பறையிலிருந்தே ஒரு பதினான்கு பக்க ஒப்பந்தத்தை உருவினார்.

"என்ன பண்ற?"

"ஒண்ணுமில்ல ராய்ஸ். முன்பணம்னு எழுதிக்கிறேன். இந்தப் பாட்டுல உன் பங்குல புடிச்சுக்குறேன். வட்டிக்கு உன் பதிப்புப் பாதியில ஒரு துண்டு. கையெழுத்து இங்க."

கிம்ப்ரோ பதினான்கு பக்கத்தையும் படிக்க விரும்பினார். நேரம் இல்லை. தன் வாழ்நாளில் முதல்முறையாக அந்தத் தாளின் தப்பான பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்.

"இன்னும் எட்டு டாலர்," என்றான் ஓடெல்.

"எட்டு டாலருக்காடா?"

"பதினோரு நாள்ல கடைசி நாள் மத்தியானம் வேலை செஞ்ச கூலிதான் அந்த எட்டு டாலர். அன்னைக்குத் தாரு உருகுற வெயிலு."

நடையில் காபிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா இருந்தது. ஒரு கோப்பைக்குப் பத்து சென்ட், பாட்டுக்காரர்கள் போட வேண்டும் என்று கிம்ப்ரோவே வைத்த டப்பா. அவரே போய் அதை எடுத்து வந்தார்.

"நீங்களே எண்ணிக் கொடுங்க," என்றான் ஓடெல். தாருக்கும் தகரத்துக்கும் பழகிய வலது உள்ளங்கையை மேசைக்கு மேலே விரித்து நீட்டினான்.

"அப்ப இந்தக் கூரை? இன்னைக்கும் மழைங்கறான் ரேடியோல."

"அதுக்கு நானூத்தி அம்பது. இதே மாதிரி, மொதல்ல. எண்ணுங்க."

கிம்ப்ரோ எண்ணினார். நோட்டு எண்ணத் தெரியாத விரல்கள். இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தன, பிரித்தார், எச்சில் தொட்டார். இருபதுகள் முதலில், பிறகு பத்துகள், பிறகு டாடின் பூட்ஸ் வியர்வையில் நனைந்த ஒற்றை டாலர்கள். டாட் காலைப் பூட்ஸுக்குள் நுழைத்துக்கொண்டே வாயசைத்துக் கூடவே எண்ணினார், தன் காசு என்பதால். முந்நூற்று முப்பத்திரண்டு. பிறகு டப்பாவைக் கவிழ்த்து, பத்து சென்ட் காசுகளையும் கால் டாலர்களையும் நோட்டுக் கட்டின்மேல் அடுக்கினார். ஒரு காசு சரிந்து மேசையில் உருண்டது. ஓடெல் கையை அசைக்கவில்லை. கிம்ப்ரோ எழுந்து, குனிந்து, அதைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஏழு அம்பது. ஏழு அறுபது. ஏழு எழுபது."

"கேக்குது."

"ஏழு எண்பது. ஏழு தொண்ணூறு," என்றார் ராய்ஸ் கிம்ப்ரோ, கடைசிக் காசை அந்த உள்ளங்கையில் வைத்து. "எட்டு."